வலது கன்னத்துக் குழிவு

தன் மனைவி வேறொருவன் அடித்த கத்தியால் பூண்டுத்தாள் நறுக்குகிறாள் என்பதை ஹுவாங் தாகுய் முதலில் காதால்தான் கண்டுபிடித்தார். வாசலில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மரக்கட்டையில் விழுந்த சத்தம் அவர் கத்தியின் சத்தம் இல்லை. அவர் கத்தி அடித்தொண்டையில் ‘தொக் தொக்’ என்று பேசும். இது ‘டிக் டிக்’ என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. பல் முளைத்த நாளிலிருந்து லோங்ஷுய் ஊரில் இரும்போடு மாரடிக்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா?

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அடுப்படிப் பக்கம் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. சாப்பாடுதான் அவரைத் தேடி வரும். சுலான் சந்தைக்குக் கிளம்பும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் உள்ளே புகுந்து தேட ஆரம்பித்தார். சொந்த வீட்டில் திருடனைப்போலத் தேடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் மாறியது.

கத்தி மூங்கில் ஆவிக்கூடைக்குள், துணியில் சுற்றி இருந்தது. பிடிக்குப் பக்கத்தில் முத்திரையைப் பார்த்தார். வில்லோ மரத்து இலை. லியாவின் முத்திரை.

வேறு எவன் முத்திரையாக இருந்தாலும் ஹுவாங் ஒரு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பார். லியாவ் என்றால் சங்கதி வேறு. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் தொழில் படித்தவர்கள். ஹுவாங் மூத்தவர், லியாவ் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். ஹுவாங் பத்து அடி அடித்து நேராக்குகிற தகட்டை லியாவ் நாலு அடியில் நேராக்குவான். அதுகூடப் போகட்டும். அடித்துவிட்டு, “அண்ணே, சரியா இருக்கா?” என்று பணிவாகக் கேட்பான். அந்தப் பணிவைத்தான் ஹுவாங்கால் தாங்க முடியாது. திமிர் பிடித்தவனாக இருந்தால் ஊரே சேர்ந்து திட்டலாம். பணிவானவனை என்ன செய்வது?

போதாக்குறைக்கு, சுலானைப் பெண் கேட்டுத் தரகுக்காரி முதலில் போனது லியாவுக்காக. பையன் வீட்டுக் கூரையில் ஓடு இல்லை என்று சுலானின் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். ஓடு இருந்த வீட்டுக்காரர் ஹுவாங். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அந்த மகளும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். லியாவும் கட்டி, குடும்பமாகி, வீட்டுக்கு நல்ல ஓடே போட்டுவிட்டான். ஆனாலும் மழைக்காலத்தில் தன் வீட்டில் ஒரு ஓடு ஒழுகினால்கூட ஹுவாங்குக்கு முதலில் லியாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

தெருவில் லியாவ் சுலானைப் பார்த்தால் “அண்ணி, சாப்பிட்டாச்சா?” என்பான். ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். ஆனால் லியாவ் கேட்டால் மட்டும் ஹுவாங்குக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்போது அவன் கத்தி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதாவது கேள்விப்பட்ட கதை. இவன் கொல்லன் வீட்டு அடுப்படியிலேயே விற்றுவிட்டுப் போயிருக்கிறான்.

அதுவும் எந்த நேரத்தில்? அந்தக் குளிர்காலம் முழுக்க ஹுவாங் ஒரே ஒரு கத்திக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கத்தி வீட்டில் இருந்தால் போதும், இன்னொன்று வேண்டாம் என்று பெண்கள் சொல்ல வேண்டும். அதுதான் அவர் கனவு. முன்பாதி மெல்லியது, காய் நறுக்க. அடிப்பாதி தடித்தது, எலும்பு கொத்த. முதுகில் பல் வெட்டினார், மீன் செதில் உரிக்க. பிடியின் முனையை உருட்டினார், பூண்டும் வாயை மரத்துப்போகச் செய்கிற மிளகும் இடிக்க. இதெல்லாம் கை தேர்ந்த எவனும் செய்வான். யாரும் சரியாகச் செய்யாத வேலை ஒன்று உண்டு. நறுக்கியதைக் கட்டையிலிருந்து இருப்புச் சட்டிக்குக் கொண்டுபோவது. கத்தியைப் படுக்கவைத்து அதன் அகலமான கன்னத்தில் அள்ளித்தான் எல்லோரும் போடுகிறார்கள். தட்டைக் கன்னத்தில் பாதி போய்ச் சேரும், பாதி தரையில் விழும்.

ஹுவாங் இடது கன்னத்தில் ஒரு குழிவு கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத குழிவு. விரலால் தடவினால்தான் தெரியும். வலது கையில் கத்தி, இடது கையால் ஒதுக்கித் தள்ள, குவியல் குழிவில் உட்கார்ந்துகொள்ளும். ஆழம் கூடினால் வெட்டும்போது கத்தி கோணும், குறைந்தால் அள்ளாது. எத்தனை தகடு பாழானது என்று பட்டறை மூலையில் கிடக்கிற குவியலைக் கேட்டால் சொல்லும்.

கத்தி முடிந்ததும் அதைத் தேநீர்க் கடைக்கு எடுத்துப் போனார். வேர்க்கடலையைக் கன்னத்தில் குவித்து, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். ஒரு கடலை விழவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

“கல்யாணப் பொண்ணுகூட இப்படிப் பதனமா நடந்ததில்லப்பா,” என்றார் ஒரு பெரியவர்.

லியாவ் கத்தியை வாங்கித் தடவிப் பார்த்தான். “நல்லா வந்திருக்குண்ணே. அடுப்பு எந்தப் பக்கம்?”

“அடுப்பு அடுப்படியில. உங்க வீட்டுல கூரை மேலயா வச்சிருக்கீங்க?”

கடை சிரித்தது. லியாவும் சிரித்தான். கூரை என்ற சொல் அவனுக்கு எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்தேதான் ஹுவாங் சொன்னார். அன்றைக்கு இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாக இறங்கியது.

அந்தக் கத்தியைச் சுலானிடம் கொடுத்தார். சுலான் சும்மா வீட்டுக்குச் சமைக்கிறவள் இல்லை. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், அறுபதாம் பிறந்தநாள், சாவு எதுவானாலும் களத்தில் அடுப்பு மூட்டி விருந்து போடுகிற சமையல்காரி. அவளுக்குக் கீழே பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவள் கையில் எந்தக் கத்தி இருக்கிறதோ, மறுசந்தையில் அதைத்தான் அந்தப் பெண்கள் வாங்குவார்கள். அவர்களைப் பார்த்து அவர்கள் மாமியார்கள் வாங்குவார்கள். மாதக் கடைசியில் பழைய இரும்பு வியாபாரி வெய் வீட்டுக் கல்யாணம் வருகிறது. லோங்ஷுயில் சம்மட்டி பிடிக்கிற அத்தனை பேரும் வெய்யிடம்தான் கத்தி அடிக்கப் பழைய லாரி வில்பட்டைகளை வாங்குகிறார்கள், அத்தனை பேரும் பந்தியில் இருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரில் தன் மனைவி தன் கத்தியைப் பிடிக்க வேண்டும். ஹுவாங்குக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுலான் அந்தக் கத்தியை இரண்டொரு நாள் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். கல்யாணத்துக்காகப் பத்திரப்படுத்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைப்புதானே பிழைப்பைக் கெடுக்கிறது.

இப்போது லியாவின் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தார். எடை குறைவு. பிடி ஒல்லி. கன்னத்தைத் தடவினார். குழிவு இருந்தது. திருட்டுப்பயல், பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தார். அப்புறம்தான் கவனித்தார், குழிவு வலது கன்னத்தில் இருந்தது.

ஹுவாங்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலது கையில் பிடித்துப் படுக்கவைத்தால் வலது கன்னம் கீழே போய்விடும். மேலே இருப்பது புடைத்த பக்கம். அதில் கடலை வைத்தால் பிள்ளைகள் சறுக்குமரத்தில் சறுக்குவதுபோல ஓடிவிடும். நாலு அடியில் தகட்டை நேராக்குகிற மேதாவிக்கு இடம் வலம் தெரியவில்லை. அவருக்கு இருந்த சந்தோஷத்தில், அந்தக் கத்தி ஏன் தன் வீட்டில் இருக்கிறது என்ற கேள்விகூட மறந்துபோனது.

கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராகத் தேநீர்க் கடைக்குப் போனார். லியாவ் தன் வழக்கமான மூலையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். ஹுவாங் கத்தியை நடு மேசையில் வைத்தார்.

“எல்லாரும் வந்து பாருங்கப்பா. நம்ம லியாவ் ஒரு புதுமை பண்ணியிருக்கான். குழிவ அந்தப் பக்கம் போட்டிருக்கான். அள்ளுறதுக்கு இல்ல, கொட்டுறதுக்குன்னு ஒரு கத்தி.”

வேர்க்கடலை வந்தது. வைத்துக் காட்டினார். கடலை சிதறி ஓடியது. கடையில் சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. யாரோ, “கொல்லனுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா,” என்றார்கள்.

லியாவ் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. விதைத் தோலைத் துப்பிவிட்டு, “நீங்க சொல்றது சரிதாண்ணே. கடைக்குப் போடுறதா இருந்தா அப்படிப் போட மாட்டேன். அண்ணி அப்படி வேணும்னாங்க, போட்டேன்,” என்றான்.

சீட்டாடியவர்கள் தலை நிமிர்ந்து ஹுவாங்கைப் பார்த்தார்கள். ஹுவாங்கின் மனைவி ஹுவாங்கிடம் கேட்காமல் லியாவிடம் போய்க் கத்தி கேட்டிருக்கிறாள். அதை ஊருக்கு எடுத்து வந்து காட்டியவர் ஹுவாங்கேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வீட்டுக்கு வந்தபோது சுலான் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கையில் துணிச் சுருளைப் பார்த்ததும், “அத எங்க தூக்கிட்டுப் போன? தேடிக்கிட்டிருக்கேன்,” என்றாள். கொஞ்சமும் பதறவில்லை. பதறியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இதுக்கு என்ன குடுத்த?”

“எதுக்கு?”

“கத்திக்கு. விலை குடுத்தியா, சும்மா வாங்கினியா?”

சுலானுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், கத்தியை யாருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது, உறவை வெட்டிவிடும். வாங்குகிறவர் பேருக்கு ஒரு காசாவது கையில் வைக்க வேண்டும்.

“காசு வேணாம்னான். பேருக்கு ஒரு ஃபென் காசு வச்சிட்டு வந்தேன்.”

முழு விலை கொடுத்திருந்தால் வியாபாரம், விட்டுவிடலாம். சும்மா வாங்கியிருந்தால் உறவு அறுந்தது, நிம்மதி. ஒரு ஃபென்னாம். உறவு அறுந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள்.

“அந்த ஒரு ஃபென்ன வச்சுக்கிட்டு அவன் என்ன பண்றான்? தாயத்துக்குள்ள போட்டுக் கழுத்துல கட்டியிருக்கானா?”

“யோவ் கிழவா, புழுக்கம் பிடிச்ச புத்திய வாசல்ல வச்சிட்டு வா. எனக்கு வேண்டியது ஒரு கத்தி. அடிச்சது அவன், சொன்னது நான்.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன? உன் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?”

சுலான் முள்ளங்கியைத் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “சொன்னேன். பட்டறையில உன் கிரைண்டர் சத்தத்துல சொன்னேன், சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். குழிவு அந்தப் பக்கம் வேணும்னு சொன்னேன். நீ என்ன சொன்ன தெரியுமா? சமைக்கிறவளுக்குக் கத்தி பிடிக்கத்தான் தெரியும், அடிக்கத் தெரியாதுன்னு சொன்ன. இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னும் சொன்ன.”

அப்படிச் சொன்ன ஞாபகம் ஹுவாங்குக்கு இல்லை. ஆனால் தான் சொல்லக்கூடியதுதான் அது என்பது தெரிந்தது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா? “வலது பக்கம் குழிவு போட்டா அள்ளவே அள்ளாது. இது கணக்கு. நீயும் அவனும் சேர்ந்து கதை கட்டுறீங்க,” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய், ஒரு காரணமும் இல்லாமல் ஒரு பட்டையை வெகுநேரம் அடித்தார்.

வெய் வீட்டுக் கல்யாணத்தன்று மனைவி சமைக்கிற இடத்துக்கு அவர் முதல்முறையாகப் போனார். பந்தி போட இன்னும் நேரம் இருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே எண்ணெய் பீப்பாய் அடுப்புகள் எரிந்தன. ஆவிக்கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல்சட்டைக்குள் இடுப்பில் அவருடைய கத்தி இருந்தது. எதற்கு எடுத்து வந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு கூடை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்.

சுலானுக்கு இடப்பக்கம் வெட்டுக்கட்டை. வலப்பக்கம் அடுப்பு. வலது கையால் நறுக்கினாள், அதுவரைக்கும் சரி. எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் கத்தி இடது கைக்குத் தாவியது, வலது கைக்குக் கரண்டி வந்துவிட்டது. அதற்கப்புறம் கரண்டி அந்தக் கையை விட்டு இறங்கவே இல்லை. இறக்கினால் சட்டியில் இருப்பது தீய்ந்துவிடும். கரண்டியின் முதுகால் குவியலைத் தள்ளி, இடது கையில் படுத்திருந்த கத்தியின் வலது கன்னத்தில் ஏற்றி, ஒரே வீச்சில் சட்டிக்குள் கவிழ்த்தாள். இஞ்சி, பூண்டு, மிளகாய் ஊறுகாய் எல்லாம் ஒரு துணுக்கு விடாமல் உள்ளே போனது. பக்கத்து அடுப்புகளில் நின்ற பெண்களும் அப்படியேதான் செய்தார்கள், அவர்கள் தட்டைக் கத்தியில் பாதி கீழே சிந்திக்கொண்டிருந்தது.

அடுப்பு எந்தப் பக்கம் என்று லியாவ் கேட்டது கிண்டல் இல்லை என்பது அப்போது ஹுவாங்குக்குப் புரிந்தது. தன் வாழ்க்கையில் ஒரு நாள்கூட இந்தக் கையைப் பார்க்கவில்லையே என்றும் புரிந்தது. ஆனால் பொறாமைக்காரன் மனசு அவ்வளவு சீக்கிரம் திருந்துமா? அப்படியானால் அவன் எப்போது வந்து பார்த்தான் என்றுதான் அடுத்த கேள்வி எழுந்தது. திரும்பிப் பந்தி மேசைகளைத் தேடினார். லியாவ் தூரத்தில், சமையல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சம்பந்தி வீட்டு ஆட்களோடு சாராயக் கிண்ணத்தை மோதிச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருமுறையாவது திரும்புவான் என்று ஹுவாங் காத்திருந்தார். திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அந்த நேரத்தில் உதவிக்கு நின்ற ஒருத்தி அவசரத்தில் லியாவின் கத்தியை எடுத்து விலா எலும்பில் போட்டாள். ‘டிங்’ என்று ஒரு சத்தம். அடிப்பாதியில் விளிம்பு பெயர்ந்து, அரிசி அளவுக்குப் பல் விழுந்தது. குழிவைப் பின்னால்வரை இழுத்துவிட்டான், அந்த இடத்தில் தடிமன் இல்லை. ஹுவாங் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நெஞ்சுக்குள் புத்தாண்டுப் பட்டாசு வெடித்தது. முகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

“கிழவா,” என்றாள் சுலான், தலையைத் திருப்பாமலே. “அங்க நின்னு இளிச்சது போதும். இடுப்புல வச்சிருக்கியே, அதக் கொண்டா.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி, “அண்ணன் கூடைக்குப் பின்னாடி வெந்துக்கிட்டு இருக்காரு, மூடி போட்டுறலாமா?” என்றாள். ஹுவாங் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். சுலான் விலா எலும்பை அதில் கொத்தினாள். தொக், தொக். எந்த எலும்புக்கும் இரண்டாவது அடி தேவைப்படவில்லை. எல்லோரும் பார்க்க, அவர் மனைவி, அவர் கத்தி. ஹுவாங் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெய்யும் மற்றவர்களும் பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

எலும்பு முடிந்தது. அடுத்த சட்டியில் எண்ணெய் புகைந்தது. சுலான் அவருடைய கத்தியைக் கட்டையின் ஓரமாக வைத்துவிட்டு, பல் விழுந்த லியாவின் கத்தியை இடது கையில் எடுத்து அள்ளினாள்.

அவர் கத்தி நன்றாகத்தான் இருந்தது. லியாவினுடையதுதான் உடைந்த கத்தி. உடைந்த கத்தியைத்தான் எடுத்தாள். யோசித்து எடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பார். யோசிக்காமல் கை தானாகப் போனது. பந்தி முடியும்வரை இரண்டு கத்திகளும் ஒரே கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எலும்புக்கு ஹுவாங், அள்ளுவதற்கு லியாவ் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஹுவாங் விருந்தில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மத்தியானம் சாய்ந்து, மேசைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சுலான் பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றி, முதலில் கத்திகளைக் கழுவினாள். ஹுவாங் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதுகூட இடது கையால்தான்.

“உனக்கு எப்படி வேணும்?”

“எது?”

“கத்தி.”

சுலான் தேய்ப்பதை நிறுத்தினாள். “இத நீ கேக்கறதுக்கு இன்னொருத்தன் கத்தி வீட்டுக்குள்ள வர வேண்டியிருந்துச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஹுவாங்கால் முடியுமா? “அவன் கேட்டானா?” என்றார். “உனக்கு எப்படி வேணும்னு அவன் கேட்டானா?”

“அவன் எங்க கேட்டான்? பட்டறை வாசல்ல நின்னு நானாத்தான் சொன்னேன். அவன் சம்மட்டியக் கீழ வச்சிட்டுக் கேட்டுக்கிட்டான். யார்கிட்டயாவது சொல்லணுமில்ல, கிழவா.”

அவள் இதைக் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். இத்தனை வருஷம் லியாவ் மேல் எரிந்த நெருப்புக்கு ஹுவாங்கிடம் ஆயிரம் காரணம் இருந்தது. இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் அவனைத் திட்ட முடியவில்லை.

“சொல்லு,” என்றார்.

சுலான் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவர் கத்தியின் முதுகில் வெட்டிய பல்லிலிருந்து ஆரம்பித்தாள், அது உள்ளங்கையைக் கிழிக்கிறதாம். குழிவு எந்தப் பக்கம், எதுவரை, எடை எங்கே இறங்க வேண்டும், நாள் முழுக்கப் பிடித்தால் எந்த விரல் மரத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தொட்டித் தண்ணீர் ஆறிப்போனது. பிடியைப் பற்றிச் சொல்லும்போது, லியாவ் போட்ட பிடிதான் தன் கைக்கு ஒட்டுகிறது என்றாள். ஹுவாங் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். குறுக்கே பேசவில்லை.